சோவியத் ஒன்றியத்தின் அமெச்சூர் கால்பந்துப் போட்டிகள்

சோவியத் ஒன்றியத்தில் (1922–1991) ஆலை, தொழிற்சங்கம், படைப்பிரிவு, கல்லூரி, கூட்டுப்பண்ணை ஆகியவற்றைச் சார்ந்து, ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் பங்கேற்ற கால்பந்துப் போட்டிகள் இத்தலைப்பில் அடங்கும். அந்நாட்டில் தொழில்முறை விளையாட்டு என்ற ஒன்றே இல்லை என்பது அரசின் நிலைப்பாடாக இருந்தமையால், அமெச்சூர் ஆட்டத்திற்கும் பிறவற்றிற்கும் இடையே எல்லை வகுப்பது எளிதன்று. 1936ஆம் ஆண்டில் முன்னணி அணிகள் ‘தேர்ந்தோர் அணிகள்’ என்ற பெயரில் தனி வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. அதற்கு முற்பட்ட போட்டிகள் அனைத்தையும், பிற்பட்டவற்றுள் அவ்வகுப்பில் சேராத அணிகளின் போட்டிகளையும் அமெச்சூர் எனக் கொள்வது பெரும்பான்மை வழக்கு. இக்கட்டுரையும் அதையே பின்பற்றுகிறது.

ரஷ்யாவில் கால்பந்தின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1897 அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இரு விளையாட்டுச் சங்கங்களுக்கிடையே நடந்த ஆட்டமாகும். எனினும் ஆங்கிலேயத் தொழில்நுட்பர்கள் பணியாற்றிய துணியாலைகளில் அதற்கு முன்பே பந்து உருண்டது என்போர் உளர். மாஸ்கோவிற்குக் கிழக்கே ஒரேஹொவோ-ஸூயெவோ என்னும் ஆலைநகரில், மோரொசொவ் குடும்பத்தாரின் நெசவாலையை நிர்வகித்த லங்காஷயரைச் சேர்ந்த சார்னக் சகோதரர்கள் தொழிலாளர்களுக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தனர். சகோதரர்களுள் முதலில் தொடங்கியவர் எவர், எந்த ஆண்டில் என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை, 1887 என்பாரும் அதற்கு வெகுவாகப் பிந்திய ஆண்டுகளைச் சொல்வாரும் உண்டு. ஆட்டக் காலணிகள் வாங்கப் பணம் போதாமையால், ஆலையிலிருந்த இயந்திரமொன்றை மாற்றியமைத்துத் தொழிலாளர்களின் அன்றாடக் காலணிகளிலேயே குமிழ்கள் பொருத்தப்பட்டன என்ற செய்தி நூல்தோறும் விடாமல் எடுத்தாளப்படுகிறது. இந்த ஆலையணி 1910 முதல் 1913 வரை மாஸ்கோ லீக் போட்டியில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பேரரசின் அணி ஜெர்மனியிடம் 16–0 எனத் தோற்றதும், 1913இல் ஒடெஸா நகர அணி பேரரசுச் சாம்பியன் பட்டத்தை ஆடுகளத்தில் வென்றும் வெளிநாட்டவர் மிகுதி என்ற முறையீட்டால் அம்முடிவு செல்லாதென அறிவிக்கப்பட்டதும் இக்காலத்தின் பிற குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள். உள்நாட்டுப் போர் ஆண்டுகளில், 1918இல் தொடங்கப்பட்ட அனைவருக்குமான படைப்பயிற்சித் துறையின் மேற்பார்வையில் விளையாட்டுச் சங்கங்கள் இயங்கின.

சோவியத் அமெச்சூர் கால்பந்து பற்றி விரிவாக அறியக்கிடைக்கும் காலம் 1922 முதல் 1936 வரையிலானது. புதிய பொருளாதாரக் கொள்கை சிறு வணிகத்திற்கு இடமளித்த இவ்வாண்டுகளில், அரசு விளையாட்டுக்கென ஒதுக்கிய பணம் சொற்பமாக இருந்தமையால், சங்கங்கள் நுழைவுச் சீட்டு விற்றும் வெளியூர்களுக்குச் சென்று ஆடியும் தம் செலவுகளைத் தாமே ஈட்டிக்கொண்டன. மாஸ்கோவின் பிரெஸ்னியா என்னும் தொழிலாளர் குடியிருப்பில் 1922ஆம் ஆண்டு வசந்தத்தில் தோன்றிய ‘மாஸ்கோ விளையாட்டு வட்டம்’ இதற்குச் சிறந்த சான்று. இவ்வணியினர் தம் பேட்டை இளைஞர்களைத் திரட்டி ஆடுகளத்தையும் பார்வையாளர் பலகைகளையும் தாமே அமைத்தனர். 1923இல் ‘க்ராஸ்னயா பிரெஸ்னியா’ எனவும், 1926இல் உணவுத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவிற்கு வந்தபோது ‘பிஷெவிகி’ எனவும், பின்னர் கூட்டுறவு அமைப்பு, புகையிலை ஆலை ஆகியவற்றின் பெயர்களிலும் வழங்கிய இவ்வணியே 1935இல் ‘ஸ்பார்டக்’ ஆயிற்று. புரவலர் மாறும்தோறும் பெயர் மாறியது. ஆடியவர்கள் பெரும்பாலும் அதே பேட்டைக்காரர்களே. நிக்கலாய், அலெக்ஸாந்தர், அந்த்ரேய், பியோத்தர் என்னும் ஸ்டாரோஸ்டின் சகோதரர் நால்வரும் இவ்வணியின் தூண்களாவர். கோடையில் கால்பந்தும் குளிர்காலத்தில் பனித்தள ஹாக்கியும் ஆடுவது அக்காலத்தினர் பலருக்கும் பொது வழக்கம். 1935இல் சூட்டப்பட்ட பெயர் ஜொவன்யோலி எழுதிய நாவலின் அட்டையைக் கண்டபோது தோன்றியது என்று நிக்கலாய் ஸ்டாரோஸ்டின் தம் நினைவுகளில் கூறியிருப்பினும், முன்னர் எதிர்த்தாடிய ஜெர்மன் தொழிலாளர் அணியொன்றின் பெயரே அதற்கு மூலம் என்ற கூற்றும் வழங்குகிறது.

நகரப் போட்டிகளின் அமைப்பு தனித்துக் குறிக்கத்தக்கது. மாஸ்கோவில் ஒரு சங்கத்தின் தகுதியை அதன் முதல் அணி மட்டும் தீர்மானித்துவிடவில்லை. முதலணி, இரண்டாமணி, மூன்றாமணி எனப் பல வரிசைகளோடு, இளைஞர், சிறுவர் அணிகளையும் களமிறக்கி, அனைத்தின் புள்ளிகளையும் கூட்டிச் சங்கத்தின் இடத்தைக் கணக்கிடும் ‘சங்கக் கணக்கு’ என்னும் முறை நெடுங்காலம் நிலவியது. இதனால் இரு சங்கங்கள் மோதும் நாளில் காலையில் சிறுவர்களும் கடைசி வரிசை அணிகளும் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டங்கள் நடந்து, மாலையில் முதலணிகள் களமிறங்கும். பட்டறைத் தொழிலாளியின் ஐந்தாமணி வெற்றியும் சங்கத்தின் பட்டியலில் ஏறிய இந்த ஏற்பாடு, பரந்துபட்ட மக்கள் விளையாட்டு என்ற முழக்கம் நடைமுறையில் எவ்வளவு நேர்த்தியாக உருப்பெறக்கூடும் என்பதைக் காட்டியது. பிற்காலச் சீர்திருத்தங்கள் எவையும் அதற்கு ஈடான ஒன்றை உருவாக்கவில்லை. ஆயினும் நாளேடுகள் முதலணிகளின் முடிவுகளையே விரிவாக வெளியிட்டமையால், கீழ் வரிசையினரின் ஆட்டங்கள் நினைவுக் குறிப்புகளின் ஓரங்களிலேயே தென்படுகின்றன.

நாடளாவிய நிலையில் சங்கங்கள் நேரடியாக மோதவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் சங்கங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கூட்டணியை அனுப்பியது. மாஸ்கோவும் பெட்ரோகிராதும் (1924 முதல் லெனின்கிராத்) மேலோங்கியிருந்த இப்போட்டிகளில், 1924ஆம் ஆண்டுப் பட்டத்தை உக்ரைனின் ஹார்கிவ் நகரக் கூட்டணி லெனின்கிராதை 2–1 என வென்று கைப்பற்றியது. வெளிநாட்டு ஆட்டங்கள் பெரும்பாலும் தொழிலாளர் சங்க அணிகளோடு மட்டுமே நிகழ்ந்தன. நாடு உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபாவில் சேராததும், 1921இல் மாஸ்கோவில் அமைக்கப்பட்ட சிவப்பு விளையாட்டு அகிலத்தின் கொள்கையும் இதற்குக் காரணம். 1923இல் ரஷ்யக் குடியரசு அணி ஸ்காண்டிநேவியாவில் சுற்றுப்பயணம் செய்து ஸ்டாக்ஹோமில் சுவீடனை 2–1 என வென்றதும், 1924 நவம்பர் 16 அன்று மாஸ்கோவில் துருக்கியை 3–0 என வென்றதும் விதிவிலக்குகள். இரண்டாவது ஆட்டமே சோவியத் அணியின் முதல் அதிகாரபூர்வச் சர்வதேச ஆட்டமாகக் கணக்கிடப்படுகிறது. அதன் முதல் கோலை அடித்தவர் லெனின்கிராதின் மிகாயில் புத்தூஸொவ்.

கால்பந்து சோசலிச நாட்டிற்கு ஏற்றதா என்ற விவாதமும் இக்காலத்தில் நிகழ்ந்தது. உடல்நலமே நோக்கம், போட்டி உடலைக் கெடுக்கும் என வாதிட்ட நலவியலாளர் ஒருபுறமும், முதலாளித்துவ நாடுகளில் பிறந்த ஆட்டங்களையே விலக்கிப் புரட்சிக் கருப்பொருள் கொண்ட கூட்டு நிகழ்த்துகளை முன்வைத்த பாட்டாளிவர்க்கப் பண்பாட்டு இயக்கத்தினர் மறுபுறமும் நின்றனர். உடற்கலை பற்றி 1925 ஜூலையில் கட்சியின் மத்தியக் குழு நிறைவேற்றிய தீர்மானம் போட்டி விளையாட்டிற்கு இடமளித்தது. ஆனால் அத்தீர்மானமே வாதத்தை முடித்ததா, அரங்குகளில் திரண்ட மக்கள் ஏற்கெனவே முடித்துவிட்டனரா என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுகின்றனர். 1926இல் சங்கங்கள் குடியிருப்பு அடிப்படையிலிருந்து தொழிற்சங்க அடிப்படைக்கு மாற்றப்பட்டன. 1928 ஆகஸ்ட்டில் மாஸ்கோவில் நடந்த முதல் அனைத்து ஒன்றிய ஸ்பார்டகியாத் என்னும் பல்விளையாட்டு விழா, அதே ஆண்டில் திறக்கப்பட்ட டைனமோ அரங்கில் கால்பந்திற்கு முதன்மையிடம் தந்தது. 1931இல் ‘உழைப்பிற்கும் பாதுகாப்பிற்கும் தயார்’ என்னும் உடற்தகுதிச் சின்னமும், 1934இல் மூத்த வீரர்களுக்கான ‘மதிப்புறு விளையாட்டு வல்லுநர்’ பட்டமும் ஏற்பட்டன.

இக்கால ஆட்டத்தின் மணத்தை இலக்கியமும் இசையும் காத்துவைத்துள்ளன. யூரி ஒலெஷாவின் ‘பொறாமை’ (1927) நாவலில் கோல்காப்பாளர் ஒருவர் முக்கியப் பாத்திரமாக வருகிறார். த்மீத்ரி ஷஸ்தகோவிச் இசையமைத்த ‘பொற்காலம்’ (1930) என்னும் பாலே நடனத்தின் கதை, மேலைநகரொன்றிற்குச் செல்லும் சோவியத் கால்பந்து அணியைப் பற்றியது. லெனின்கிராத் அணிகளின் தீவிர ரசிகரான அவர், ஆட்ட முடிவுகளையும் புள்ளிகளையும் குறிப்பேடுகளில் கணக்கரின் ஒழுங்கோடு எழுதிவைத்தார் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது.

1936இல் நிலைமை அடியோடு மாறியது. நகரக் கூட்டணிகளுக்குப் பதிலாகச் சங்க அணிகளே நாடு முழுவதும் மோத வேண்டும் என்று நிக்கலாய் ஸ்டாரோஸ்டின் முன்வைத்த திட்டத்தைக் கொம்சமோல் என்னும் இளைஞர் அமைப்பின் தலைவர் அலெக்ஸாந்தர் கொஸாரெவ் ஆதரிக்க, நான்கு பிரிவுகளில் 28 தேர்ந்தோர் அணிகள் சேர்க்கப்பட்டன. மே 22 அன்று லெனின்கிராதில் நடந்த முதல் ஆட்டத்தில் மாஸ்கோ லோகோமோடிவ் உள்ளூர் டைனமோவை 3–1 என வென்றது. அதே ஆண்டு ஜூலையில், மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் கற்றளத்தின்மேல் தைத்து விரிக்கப்பட்ட பெரும் கம்பளத்தில், ஸ்டாலின் முன்னிலையில் ஸ்பார்டக்கின் இரு அணிகள் காட்சி ஆட்டம் ஆடின. அது எத்தனை நிமிடம் நீடித்தது, முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டதா என்பவற்றிற்கு ஸ்டாரோஸ்டினின் நினைவுகளே முதன்மை ஆதாரம். 1936 முதல் அமெச்சூர் கால்பந்து என்பது இரண்டாம் தளத்திற்கு இறங்கியது. எனினும் அதே ஆண்டில் தொடங்கிய சோவியத் கோப்பை தொடக்க ஆண்டுகளில் கீழ்நிலை அணிகளுக்கும் வாசலைத் திறந்துவைத்திருந்தது.

போர்க்கால ஆட்டங்களுள் இரண்டு பெரிதும் பேசப்படுகின்றன. முற்றுகைக்குள்ளான லெனின்கிராதில் 1942 மே 31 அன்று டைனமோ அணி, உலோக ஆலைத் தொழிலாளர்களைக் கொண்ட அணியை 6–0 என வென்றது. பட்டினியால் மெலிந்திருந்த வீரர்கள் குறைக்கப்பட்ட நேரத்திற்கே ஆடினர். அம்மாதத் தொடக்கத்தில் வேறோர் ஆட்டம் நடந்தது என்ற கூற்றால், முற்றுகையின் முதல் ஆட்டம் எது என்பது இன்றும் முடிவாகவில்லை. ஜெர்மானியர் வசமிருந்த கீவில், ரொட்டி ஆலையொன்றில் பணியாற்றிய முன்னாள் டைனமோ, லோகோமோடிவ் வீரர்கள் அமைத்த ‘ஸ்டார்ட்’ அணி 1942 ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மன் வான்காப்புப் படையணியை 5–3 என வென்றது. வெற்றிக்காகவே வீரர்கள் சுடப்பட்டனர் என்ற போருக்குப் பிந்தைய சோவியத் விவரிப்பு இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. கோல்காப்பாளர் நிக்கலாய் த்ருஸேவிச் உள்ளிட்ட மூவர் 1943 பிப்ரவரியில் ஸீரெத்ஸ் முகாமில் கொல்லப்பட்டது உறுதி; ஆட்டத்திற்கும் அதற்கும் உள்ள தொடர்பே கேள்விக்குரியது.

போருக்குப் பின் தேர்ந்தோர் அணிகளுக்குக் கீழிருந்த அனைத்தும் ‘உடற்கலைக் குழுக்கள்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. இக்குழு என்பது ஓர் ஆலையிலோ நிறுவனத்திலோ இயங்கிய அடிப்படை விளையாட்டு அலகு. இவற்றை மாணவருக்கான ‘புரெவெஸ்நிக்’, ரயில்வேயினருக்கான ‘லோகோமோடிவ்’, ரஷ்யக் கிராமங்களுக்கான ‘உரஷாய்’, உக்ரைன் கிராமங்களுக்கான ‘கோலொஸ்’ முதலிய தன்னார்வ விளையாட்டுச் சங்கங்கள் ஒருங்கிணைத்தன. மாவட்டம், மாநிலம், குடியரசு என ஏறுபடியாக நடந்த இப்போட்டிகளுக்கு 1950களின் பிற்பகுதியிலிருந்து ஒன்றிய அளவிலான கோப்பையும் இருந்தது. குடியரசுப் போட்டிகளில் வென்ற அணிகள் தேர்ந்தோர் வகுப்பின் கீழ்ப்பிரிவிற்கு உயரவும் வழியிருந்தது. பழைய மோரொசொவ் ஆலையணியின் வழிவந்ததாகக் கருதப்படும் ஒரேஹொவோ-ஸூயெவோவின் ‘ஸ்னாமியா த்ருதா’ அத்தகைய சிறுநகர அணிகளுள் ஒன்று. கீழ்வகுப்பில் ஆடிக்கொண்டே 1962இல் சோவியத் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டிய அது, அதில் டொனெட்ஸ்கின் ஷக்தாரிடம் 2–0 எனத் தோற்றது.

அமெச்சூர் என்ற தகுதி குறித்த சச்சரவு சோவியத் காலம் முழுவதும் நீடித்தது. 1945இல் வெற்றிகளுக்குப் பணப்பரிசு வழங்க அனுமதித்த அரசு, சர்வதேச அமைப்புகளில் சேரும் நோக்கில் 1947இல் அதை விலக்கிப் பதக்கங்களோடு நிறுத்திக்கொண்டது. 1946இல் பிஃபாவிலும் 1951இல் ஒலிம்பிக் இயக்கத்திலும் நாடு இடம்பெற்றது. முன்னணி வீரர்கள் படையதிகாரிகள், மாணவர்கள், தொழிலாளர்கள் என்ற பெயரில் ஒலிம்பிக்கில் ஆடினர். 1956இல் மெல்போர்னில் தங்கமும் வென்றனர். அவர்கள் அரசு ஊதியம் பெறும் தொழில்முறையாளரே என்பது மேலை நாடுகளின் வாதம். வேறு தொழில் மூலம் வருவாய் பெறுவோரை அவ்வாறு கருத முடியாது என்பது சோவியத் தரப்பின் பதில். ஆலையின் ஊதியப் பட்டியலில் பெயரிருந்தும் இயந்திரத்தருகே செல்லாதவர்கள் கீழ்நிலைக் குழுக்களிலும் இருந்தனர் என்பதை சோவியத் பத்திரிகைகளே அவ்வப்போது கண்டித்தமையால், சிக்கல் உச்ச அணிகளோடு நின்றுவிடவில்லை எனலாம்.

சிறுவருக்கான ‘தோல் பந்து’ போட்டி 1964இல் தொடங்கப்பட்டது. குடியிருப்பு முற்றங்களில் தாமே அணி சேர்த்த சிறுவர்கள், சிறப்புப் பயிற்சிப் பள்ளிகளைச் சாராமல், தெருவிலிருந்து ஒன்றிய இறுதிச் சுற்றுவரை செல்ல இது வழிசெய்தது. கோல்காப்பாளர் லெவ் யாஷின் இதற்குத் தலைமை ஏற்றிருந்தது பலராலும் பெருமையோடு நினைவுகூரப்படுகிறது. பெண்கள் கால்பந்து 1970களின் தொடக்கத்தில் உக்ரைனில் தலைகாட்டியபோது உடல்நலக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டு, 1980களின் இறுதியிலேயே மீண்டது. முதல் ஒன்றியச் சாம்பியன் போட்டி 1990இல் நடந்தது.

ஒன்றியம் 1991இல் கலைந்தபின் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் குழுக்களின் போட்டிகள் சில ஆண்டுகள் பழைய பெயரிலும் பின்னர் அமெச்சூர் லீக் என்ற பெயரிலும் நடைபெற்றன. ஆலைகள் தனியார்வயமானதால் பல அணிகள் புரவலரை இழந்தன. ‘தோல் பந்து’ ரஷ்யாவில் தொடர்கிறது.