சிக்கனம் பெற்ற பிள்ளை

மடிக்கணினி என்று பெயர் வைத்தவர் அதை ஒரு நாளாவது மடியில் வைத்துப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. என் பழைய கணினியில் ஓர் அத்தியாயம் எழுதி முடிப்பதற்குள் தொடை தோசைக்கல்லாகிவிடும். உள்ளே விசிறி ஓலமிடும். கதாநாயகி அழத் தொடங்குகிற கட்டத்தில் பாட்டரி உயிரை விடும். இந்தத் தொல்லை எப்படித் தணிந்தது என்று தேடிப் போனபோது, நாவலில் எழுதினால் யாரும் நம்பாத ஒரு சரித்திரம் கிடைத்தது.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில், ஏக்கார்ன் என்று ஒரு சிறிய கம்பெனி. கணினிக்கு மூளையான சில்லைத் தாங்களே செய்துகொள்வதென்று 1983இல் துணிந்தார்கள். ஸோஃபி வில்ஸன் அதன் கட்டளைகளை வகுத்தார். ஸ்டீவ் ஃபர்பர் அதன் அமைப்பை வரைந்தார். பெரிய கம்பெனிகளின் ஆள் பலமோ பண பலமோ அவர்களுக்குக் கிடையாது. சில்லு அதிகம் சுட்டால் பீங்கான் உறை போட வேண்டும்; அதற்கு விலை அதிகம். மலிவான பிளாஸ்டிக் உறை போதுமென்றால், மின்செலவு ஒரு வாட்டுக்குள் அடங்க வேண்டும். ஆகவே அவசியமில்லாத எதையும் சேர்க்காமல், சுமார் 25,000 டிரான்ஸிஸ்டர்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

1985 ஏப்ரல் 26ஆம் தேதி முதல் சில்லு வந்தது. பொருத்தியதும் வேலை செய்தது. பிற்பாடு அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தார். கருவி பூஜ்யம் என்றது! ஆராய்ந்தால், பலகையில் இருந்த பிழையால் சில்லுக்கு மின் இணைப்பே வந்து சேரவில்லை. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது!

இந்த உஷ்ணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் மின்செலவு இரண்டு மடங்காகும். மின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினாலோ நான்கு மடங்காகும். இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டால், செலவு ஏறக்குறையப் பாதிதான். வேகத்தையே துரத்திய இன்டெல் கம்பெனியும், 2004இல் தன் அடுத்த பெண்டியம் திட்டத்தைக் கைவிட்டு, மடிக்கணினிக்கென்று வடித்த சிக்கனச் சில்லின் வழிக்குத் திரும்பியது.

ஏக்கார்ன் கம்பெனி இன்று இல்லை. அதன் சில்லின் வாரிசுகள் கைப்பேசிகளுக்குள் குடியேறின. 2020இல் ஆப்பிள் கம்பெனி, அந்த வம்சத்தில் வந்த எம்-1 சில்லை வைத்து, விசிறியே இல்லாத மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. அப்படிப்பட்ட ஒன்றில்தான் இதை எழுதுகிறேன், சத்தமில்லை, சூடுமில்லை. அன்று அவர்களிடம் பீங்கானுக்குப் பணம் இருந்திருந்தால், இன்று என் மடி என்ன கதியாகியிருக்குமோ!