சேதுக் காசும் மேசை மரியாதையும்

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான். 'நாணயமான மனுசன்' என்று ஊரில் ஒருவரைச் சொன்னால் அவருடைய பெட்டகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே மேசையில் வந்து உட்காருகிற ஓர் இடத்தை நான் அகதியாக வந்துசேர்ந்த அமெரிக்காவில்தான் முதலில் கண்டேன்.

1998ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜேர்சியில் நெடுஞ்சாலையோரத்து ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் நாணயச் சந்தை. வரிசையாக நீண்ட மேசைகள், கண்ணாடி மூடிய தட்டுகள், மேசைக்கு மேசை ஒரு விளக்கு, விளக்கின் கீழே குனிந்த நரைத்த தலைகள். இலங்கைக் காசு ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு கிழவர் மேசைக்குக் கீழிருந்து சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இந்தியா, சிலோன், பர்மா எல்லாம் இதற்குள்தான். ஆறுதலாகப் பாருங்கள். ஒன்று மூன்று டொலர்."

அந்தப் பெட்டிக்குள் ஏழு செப்புக் காசுகள் கிடந்தன. ஒரு பக்கத்தில் நிற்கிற மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் இரண்டெழுத்து: சேது. பிளாஸ்ரிக் உறையில் ஒட்டியிருந்த துண்டில் 'தென்னிந்தியா, இராமநாதபுரம், சேதுபதிகள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அவை இராமநாதபுரத்துக் காசுகள் அல்ல, யாழ்ப்பாணத்து அரசர்களின் காசுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைப் பார்த்தவர்கள் சிலர் 'சேது' என்ற சொல்லைக் கண்டவுடன் சேதுபதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சேதுபதிகளின் ஆட்சி எழுந்ததோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இந்தக் காசின் அமைப்பு அதற்கு மிக முந்தியது. நிற்கும் உருவம் பழைய இலங்கைக் காசுகளின் வழியில் வந்தது. ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சேது காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள். கேகாலைப் பக்கத்தில் கொட்டகமவில் அவர்கள் விட்டுச்சென்ற தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் 1920களில் இதை எழுதினார்கள். கொட்றிங்ரன் 1924இல் கொழும்பில் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலும் யாழ்ப்பாண அரசர்களுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் சந்தையில் துண்டு எழுதுகிறவர்கள் பழைய பட்டியல்களைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். 1619இல் போர்த்துக்கேயர் அழித்த அரசு, நியூ ஜேர்சிச் சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் இன்னொரு தடவை அழிந்துகிடந்தது.

எனக்குத் தெரிந்தது அந்தக் கிழவருக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தொரு டொலரைக் கொடுத்தேன். அவர் காசுகளை ஒரு கடித உறையில் போட்டுத் தந்துவிட்டு, "உறையைத் திறக்கமுன் என்னைக் கேட்டீர்கள். எல்லோரும் கேட்பதில்லை. நன்றி" என்றார். வீடு போய்ச் சேரும்வரை அந்த நன்றி என்னை அரித்துக்கொண்டே வந்தது.

இந்தச் சந்தைகளில் எழுதாத சட்டங்கள் பல உண்டு. காசை விளிம்பில் மட்டும் பிடிக்கவேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. தட்டுக்கு மேலே, மெத்தென்ற துணிக்கு மேலே பிடிக்கவேண்டும். விழுந்தால் அதில் விழட்டும். ஒரு வியாபாரியிடம் வாங்கியதை இன்னொருவரின் தட்டில் வைக்கக்கூடாது. மேசைக் கண்ணாடியில் கைப்பையைச் சாத்தக்கூடாது. ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது அருகில் நிற்பவர் வாய் திறக்கக்கூடாது. கேட்ட விலைக்கு வியாபாரி 'சரி' என்றுவிட்டால் அதற்குப் பிறகு வாங்குபவர் பின்வாங்கக்கூடாது. வியாபாரிக்கும் சட்டம் உண்டு. விற்கும்போது 'மிக நல்லது' என்று சொன்ன காசைத் திரும்ப வாங்கும்போது 'சுமார்' என்று சொல்லலாகாது. சின்னப் பெடியன் ஒரு டொலரோடு வந்தாலும் அவனுக்கும் முகம் கொடுக்கவேண்டும்.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் இருக்கிற நண்பர் ஒருவரை ஒரு சந்தைக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற பழக்கத்தில் அவர் நாற்பது டொலர்க் காசுக்குப் பத்து டொலர் என்று தொடங்கினார். வியாபாரி கோபிக்கவில்லை, தட்டை மெல்ல இழுத்து மூடிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். நண்பருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊரில் பாதி விலைக்குக் கேட்பது பேச்சைத் தொடங்குகிற முறை. இங்கே அது பேச்சை முடிக்கிற முறை. 'கொஞ்சம் குறைக்க இடமிருக்கிறதா' என்று கேட்டிருந்தால் குறைத்திருப்பார்.

ரெக்சாஸில் இன்னொரு அனுபவம். பழைய அமெரிக்க வெள்ளி டொலர்கள் விற்கிற ஒருவர், நான் எந்தப் பக்கத்தவன் என்று அறிந்ததும் சிரித்தபடி, "எங்கள் டொலர்களைத் தின்றவர்கள் நீங்கள்தானா?" என்றார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய இந்தியாவில் சனம் காகித ரூபாயைக் கொடுத்து வெள்ளி கேட்கத் தொடங்கியது. கொடுக்க வெள்ளி இல்லை. 1918இல் அமெரிக்கா பிற்மன் சட்டம் என்று ஒன்றை இயற்றி, சுமார் 27 கோடி வெள்ளி டொலர்களை உருக்கி, அதில் ஏறத்தாழ 26 கோடி டொலர்களின் வெள்ளியை இந்தியாவுக்காகப் பிரித்தானியாவுக்கு விற்றது. அக்காலத்தில் இலங்கையிலும் புழங்கியது இந்திய வெள்ளி ரூபாய்தான். அன்று நான் அவரிடம் ஒன்றும் வாங்கவில்லை. அரைமணி நேரப் பாடத்துக்கு அவர் காசும் கேட்கவில்லை.

இந்த மரியாதை அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியதென்று நினைத்தால் தவறு. ஏமாற்றுக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டது. மருத்துவர் ஜோர்ஜ் ஹீத் என்பவரின் முயற்சியால் 1891இல் சிக்காகோவில் அமெரிக்க நாணயவியல் சங்கம் அமைந்தபோது, சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தபாலில் வாங்கி விற்றவர்கள். முகம் தெரியாதவனின் வார்த்தையை நம்பவேண்டியிருந்தது. வருடாந்தக் கூட்டங்களோடு மேசைகளும் வளர்ந்தன. 1955இல் தொழில்முறை வியாபாரிகள் தமக்கென ஒரு குழாமை அமைத்து ஒழுக்க விதிகளை எழுதிக்கொண்டார்கள். பிணக்கு வந்தால் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது அதில் ஒன்று. 1973இல் போலிப் பிரதிகளில் 'நகல்' என்று பொறிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவும் போதாமல், 1986இலும் 1987இலும் தொடங்கிய இரண்டு நிறுவனங்கள் காசைத் தரம்பார்த்து, எண் போட்டு, பிளாஸ்ரிக் பேழைக்குள் முத்திரையிடத் தொடங்கின. இப்போது விலை கூடிய காசுக்கு யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை; பேழையை நம்பினால் போதும். மூன்று டொலர்ச் சேதுக் காசை யாரும் பேழைக்குள் வைக்கமாட்டார்கள். அதற்கு இன்னமும் மனிதரின் வாய்ச்சொல் மட்டுந்தான் காவல்.

அப்படியானால் மூன்று டொலர்க் காசில் நான் செய்தது பிழையா? சந்தையின் வழக்கப்படி பிழையில்லை. வியாபாரி கவனியாததை வாங்குபவன் கண்டுபிடித்தால் அது அவன் படித்ததற்குக் கிடைத்த கூலி என்பார்கள். மறுபக்கமாக நடந்தால்தான் பிழை. புருசனை இழந்த ஒருத்தி அவன் சேர்த்துவைத்ததைப் பெட்டியோடு கொண்டுவந்து வைக்கும்போது, அதன் பெறுமதி தெரிந்தும் மறைத்து வாங்குகிற வியாபாரியை மற்ற வியாபாரிகளே மதிப்பதில்லை. தொழிலாய்ச் செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தேவைக்கு விற்க வந்தவளுக்குத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை நான் கேள்விப்பட்டபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

1986இல் என்னை வெளியே அனுப்புவதற்காக அம்மா தன் காசுமாலையிலிருந்த பவுண்களைக் கழற்றினா. எட்டு ஆங்கிலேயப் பவுண்கள், அம்மம்மாவிடமிருந்து வந்தவை. கொழும்பில் ஒரு கடையில் கொண்டுபோய் வைத்தோம். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் உரைகல்லில் தேய்த்தார், தராசில் போட்டார், வளையம் பற்றவைத்த பித்தளை என்று ஒரு கழிவு, தேய்மானம் என்று ஒரு கழிவு, எல்லாம் போக ஒரு தொகையைக் கண்ணாடியில் வைத்தார். எங்கள் அவசரம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கிழமை வடக்கிலிருந்து வந்து அவர் முன்னால் நின்ற எத்தனையாவது தாய் என் அம்மா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். "இது என்ர அம்மாவின்ர, தம்பி" என்றா அம்மா. விலைக்காகச் சொல்லவில்லை, யாராவது கேட்டிருக்கலாமே என்றுதான் சொன்னா. அவர் பெட்டியைப் பூட்டினார். எட்டுப் பவுணும் அன்றே உருகியிருக்கும். எந்த அரசியின் தலை, எந்த ஆண்டு என்று நாங்களும் குறித்துவைக்கவில்லை.

காசு கைமாறும்போது அதன் கதையும் கைமாறவேண்டும் என்பதை அமெரிக்கர்களும் பட்டுத்தான் அறிந்தார்கள். காசுகளின் தரத்தை ஒன்றிலிருந்து எழுபது வரை எண்ணால் குறிக்கிற முறையை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். அந்த முறையே இன்று சந்தை முழுவதையும் ஆள்கிறது. அதே ஷெல்டன், நியூயோர்க்கில் 1858இல் நிறுவப்பட்ட அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழைய செப்புச் சதங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்தார் என்பது பின்னாளில் தெரியவந்தது. அவர் 1977இல் இறந்துவிட்டார். காசுகள் வேறு கைகளுக்குப் போய்விட்டன. 1990களில் விவகாரம் கலிபோர்னிய நீதிமன்றங்கள் வரை சென்றது. களவைக் காட்டிக்கொடுத்தவை, காசுகளை வழங்கியவர் காலத்துப் பழைய புகைப்படங்கள். தரத்துக்கு அளவுகோல் செய்தவரை அவருடைய அளவுகோல் பிடிக்கவில்லை. யாரோ பொறுமையாய் எடுத்துவைத்த பதிவுதான் பிடித்தது.

அதனால்தான் நல்ல வியாபாரிகள் பழைய துண்டுகளை எறிவதில்லை. முந்திய சொந்தக்காரர் கைப்பட எழுதிய சின்ன அட்டை, அதற்கு முந்தியவரின் கடித உறை எல்லாம் காசோடு சேர்ந்தே போகும். புன்னகையும் 'நன்றி'யும் நல்லவைதான். ஆனால் மேசையின் பெரிய மரியாதை இந்தத் துண்டைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. எங்களுக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். 1917ஐ ஒட்டி போல் பீரிஸ் கந்தரோடையில் தோண்டினார், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் தோண்டினார்கள். அவர்கள் எடுத்தவற்றுக்குப் பதிவு உண்டு. மழைக்குப் பிறகு வயலிலும் தோட்டத்திலும் பொறுக்கி, கைமாறி, கடல் தாண்டிய காசுகளுக்கு என்ன உண்டு? தொல்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1940இலிருந்து இருக்கிறது. எது அதற்கு முன் போனது, எது பின் போனது என்று சொல்லக்கூடியது அந்த அழுக்குத் துண்டு ஒன்றுதான்.

அடுத்த வருடம் அதே மண்டபத்துக்குப் போனேன். கிழவர் அதே மூலையில் இருந்தார். ஏழு காசையும் அவர் தட்டுக்கு மேலே வைத்து, இவை சேதுபதிகளுடையவை அல்ல, யாழ்ப்பாணத்து அரசர்களுடையவை என்று சொல்லி, கொட்றிங்ரன் நூலின் பிரதியெடுத்த பக்கங்களையும் கொடுத்தேன். போன வருடமே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். "வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறவர்கள்தான் கூட. திரும்பி வருகிறவர்கள் குறைவு" என்றார்.

பிறகு நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன்: இவை எங்கிருந்து வந்தன? ஒரு புகையிலைத் தகரத்துக்குள் இருந்தனவாம். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, அதில் மையால் ஏதோ எழுதியிருந்ததாம். "ஊர்ப்பெயர் ஒன்று. 'ஜே' எழுத்தில் தொடங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. காகிதம் அழுக்காக இருந்தது, எறிந்துவிட்டுப் புதிய உறையில் போட்டேன்." சொல்லி முடிக்கும்போதே, தான் எறிந்தது என்ன என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு அவரோடு கோபம் வரவில்லை. எட்டுப் பவுணின் ஆண்டுகளைக் குறிக்காமல் விட்டவன் நான்.

மிஞ்சியிருந்த சேதுக் காசுகளின் துண்டுகளை அவர் என் கண்முன்னாலேயே வெட்டி, யாழ்ப்பாண இராச்சியம் என்று எழுதினார். அதன் ஆங்கில எழுத்துகளை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அதன் கீழே, யாரிடமிருந்து எந்த ஆண்டு வாங்கினார் என்பதையும் சின்னதாய்க் குறித்தார். எல்லாவற்றையும் சப்பாத்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் அடுக்கினார்.

அதில் ஒன்றை வாங்கலாமென்று விலை கேட்டேன். "பதினைந்து டொலர்" என்றார். குறைக்க இடமிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.