தோட்டப் பள்ளியிலிருந்து தனியாள் கல்வித் திட்டம் வரை

நெகிரி செம்பிலானின் லாபு, சிலியாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தோட்டப் பிள்ளைகளின் படிப்பு தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 7 முதல் 14 வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் நடந்தன, ஆசிரியரும் ஒருவரே. எழுத்தரான கிராணியோ மேற்பார்வையாளரான கங்காணியோ பாடம் சொன்ன இடங்களும் உண்டு.

பேச்சு வராத, காது கேளாத, எழுத்துப் பிடிபடாத பிள்ளைக்கு அந்தக் கொட்டகையில் தனிக் கவனம் கிடைக்க வழியில்லை. பெற்றோர் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போனதால், அப்படிப்பட்ட பிள்ளை தொழிலாளர் குடியிருப்பான லயத்திலோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையிலோ வளர்ந்தது.

சிறப்புப் பள்ளிகள் தொலைவில் இருந்தன. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் பள்ளி 1926இல் பக்கத்து மலாக்காவில் தொடங்கி, 1931இல் பினாங்குக்கு மாறிவிட்டது. காது கேளாதோருக்கான பள்ளியும் 1954இல் பினாங்கிலேயே எழுந்தது. பால்வெட்டுத் தொழிலாளியின் கூலிக்கு அந்தப் பயணம் எட்டாதது.

இத்தகைய பிள்ளைகளின் படிப்புக்கான சட்டங்கள் பின்னரே வந்தன. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துவடிவக் கல்வித் திட்டத்தையும், அதை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோருக்கு இடத்தையும் உரிமையாக்கியது. மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு இடம் தந்தது. ஆனால், பிறர் உதவியின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளையையே கல்வி கற்கத் தக்கவர் என 1997ஆம் ஆண்டு விதிகள் ஏற்றன. 2013இல் புதிய விதிகள் வந்தன. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்று சிறப்புக் கல்வி வகுப்புகளில் ஆர்பிஐ எனப்படும் தனியாள் கல்வித் திட்டம் வகுக்கப்படுகிறது. பிள்ளையின் இப்போதைய நிலை, அடைய வேண்டிய இலக்கு, அதை மதிப்பிடும் முறை ஆகியவை அதில் இடம்பெறும். இவ்வகுப்புகள் தமிழ்ப்பள்ளிகளில் குறைவு என்பதால், பல தமிழ்ப் பெற்றோர் தேசியப் பள்ளியில் மலாய் மொழியில் நடக்கும் திட்டக் கூட்டத்தில் அமர வேண்டியிருக்கிறது.

ஆகவே கூட்டத்துக்கான தயாரிப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. சமூக நலத்துறை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஓகேயு அட்டை, மருத்துவர் அறிக்கை, பழைய பள்ளிப் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். அவற்றோடு பெற்றோரின் குறிப்பேடும் அவசியம். பிள்ளை சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்கிறதா, பெயரை எழுதும்போது எந்த எழுத்தில் நிற்கிறது, தகரக் கூரையில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொள்கிறதா என்பவற்றை நாள் குறித்து எழுதினால், இலக்கு அதிலிருந்து பிறக்கும். மலாய் தடுமாறும் பெற்றோர் நம்பகமான உறவினரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. ஒவ்வொரு இலக்குக்கும் யார் பொறுப்பு, எப்போது மதிப்பிடுவார் என்று கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

தோட்டப் பள்ளிக் காலத்தில் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பெற்றோரைக் கேட்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. இன்று அவர்களுக்கு மேசையில் இடம் உண்டு. எழுதிய குறிப்போடு போகும் பெற்றோரே அந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்துகிறார்கள்.