ஒரு டிஷ், பல அறைகள்

பாரிஸ் மாநகரில் 1829-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பெற்ற எக்கோல் சென்ட்ரால் என்னும் பொறியியல் கலாசாலையில் பயின்று, 1855-இல் பட்டம் பெற்று வெளியேறிய குஸ்தாவ் ஈஃபெல், பிற்காலத்தில் தம் பெயர் விளங்க எழுப்பிய இரும்புக் கோபுரம் 1935 முதல் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் கம்பமாக நின்று உதவியது என்பது பலரும் அறிந்த செய்தி. அதே கலாசாலைக்குத் தொலைக்காட்சியோடு இரண்டாவதாக ஒரு சம்பந்தம் ஏறக்குறைய அறுபது வருஷங்கள் கழித்து உண்டாயிற்று. அதில் கோபுரம் இல்லை, திறப்பு விழா இல்லை. மாணாக்கர் விடுதி ஒன்றும், வானத்தை நோக்கிய டிஷ் ஒன்றும், விடுதியின் அறைகளை இணைத்த கம்பிகளுமே இருந்தன. ஓரிடத்தில் வந்திறங்கும் டிஜிட்டல் தொலைக்காட்சியை அதே கட்டடத்தின் எந்த அறையிலும் கணிப்பொறியிலேயே பார்க்கலாம் என்ற இன்றைய சாமானிய சௌகரியத்தின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுந்தால், அந்த விடுதியை விட்டுவிட்டு எழுத இயலாது. அங்கே பிறந்த மென்பொருளின் பெயர் வி.எல்.சி. ஆரஞ்சும் வெள்ளையுமான கூம்புப் படத்தால் அதை அடையாளம் கண்டு, சினிமாப் பார்க்கும் கருவியாகவே உபயோகித்து வரும் கோடிக்கணக்கானவர்களுள், அது எந்தக் காரியத்துக்காக எழுதப்பட்டது என்று அறிந்தவர்கள் சொற்பமே.

கலாசாலை 1969-இல் நகரின் நெரிசலை விட்டுத் தெற்கே ஷாத்னே-மலப்ரி என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே விடுதியில் வசித்த மாணாக்கர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருந்தபடியால், அறைகளை இணைத்த கணிப்பொறி வலையமைப்பின் பரிபாலனமும் வீயா சென்ட்ரால் ரெஸோ என்ற மாணாக்கர் சங்கத்தின் கையிலேயே இருந்தது. அந்த வலையமைப்பு டோக்கன் ரிங் என்னும் பழைய முறையைச் சேர்ந்தது. வளையமாகப் பிணைக்கப்பட்ட யந்திரங்களுக்கிடையே ஓர் அனுமதிக் குறி சுற்றி வந்துகொண்டே இருக்கும். அது தன்னிடம் வந்து சேர்ந்த பிறகே ஒரு யந்திரம் பேசலாம், பேசி முடித்ததும் அடுத்ததற்குக் கைமாற்ற வேண்டும். கடிதப் போக்குவரத்துக்கும் கோப்புகளை அனுப்புவதற்கும் இந்த நாகரிகமான ஏற்பாடு போதும். ஆனால் 1990-களின் நடுவில் அவ்விடுதியில் இரவு வேளைகளில் நடந்தது கடிதப் போக்குவரத்து அல்ல. டூம், டியூக் நியூகெம் முதலிய துப்பாக்கி விளையாட்டுகள். எதிரியின் குண்டு வந்து தாக்கிய பிறகு தன் முறை வரும் ஆட்டத்தில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? வேகமான வலையமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததற்கு முதற்காரணம் இதுவே. மாணாக்கர்கள் ஞான தாகத்தால் தூண்டப்பட்டார்கள் என்று எழுதினால் கட்டுரைக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் அது உண்மை ஆகாது.

அந்தச் சங்கத்திலிருந்து வந்தவரும் பின்னாளில் வி.எல்.சி. திட்டத்தின் தலைவரானவருமான ழான் பாப்திஸ்த் கெம்ப் சொல்லி வரும் வரலாற்றின்படி, மாணாக்கர்களின் கோரிக்கையைக் கேட்ட கலாசாலை நிர்வாகம், விடுதி தன் பொறுப்பில் இல்லை என்றும், பணம் வேண்டுமானால் வெளியே தொழில் ஸ்தாபனங்களை அணுகலாம் என்றும் பதிலளித்தது. மாணாக்கர்கள் போய்க் கதவைத் தட்டியது புவீக் நிறுவனத்தில். 1987-இல் தனியார்மயமான டி.எஃப்.1 தொலைக்காட்சியைத் தன் வசம் வைத்திருந்த ஸ்தாபனம் அது. காலமும் அனுகூலமாக இருந்தது. 1996 ஏப்ரலில் கனால் சாட்டலைட்டும், அவ்வாண்டு டிசம்பரில் டி.எஃப்.1 பங்குகொண்ட டி.பி.எஸ்.ஸும் பிரான்ஸில் செயற்கைக்கோள் வழியே டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கிய வருஷம் அது. விடுதியின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு டிஷ், ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் ஒரு செட்-டாப் பாக்ஸ் என்று வாங்குவதைவிட, எல்லாருக்குமாக ஒரு பெரிய டிஷ் வைத்து, அது தரும் காட்சிகளை வேகமான வலையமைப்பு ஒன்றின் வழியே அறைகளுக்கு அனுப்பினால் செலவு குறையும் என்ற யோசனை அப்போது உருவாயிற்று. தொலைக்காட்சி வேண்டுமென்றால் புதிய வலையமைப்பு வேண்டும். புதிய வலையமைப்பு வந்துவிட்டால் விளையாட்டும் தடையின்றி நடக்கும். பொறியியல் மாணாக்கர்களுக்கு இத்தகைய தந்திரம் தெரியாமலிருந்தால்தான் வியப்பு.

காரியத்தின் கஷ்டம் எங்கே இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தொலைக்காட்சியின் ஒரு படம் 720 புள்ளிகள் அகலமும் 576 வரிகள் உயரமும் கொண்டது. இத்தகைய படங்கள் விநாடிக்கு 25 வருகின்றன. அதாவது ஒவ்வொரு விநாடியிலும் ஒரு கோடியே மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் சொல்லியாக வேண்டும். இதைச் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 160 மெகாபிட்டுக்கு மேல் ஆகும். எம்பெக்-2 என்ற முறை, படத்துக்குப் படம் மாறாமலிருப்பதைத் திரும்பச் சொல்லாமலும், கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களை விட்டுவிட்டும், இதே காட்சியை நாலைந்து மெகாபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. அப்படி அடக்கப்பட்டதை 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக நறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அடையாளமாக ஒரே எண்ணைப் பொறித்து, செயற்கைக்கோள் இடைவிடாமல் பொழிந்துகொண்டிருக்கிறது. ஈதர்நெட் கம்பியில் ஒரு தடவைக்கு 1,500 பைட் வரை அனுப்பலாம். 188-ஐ ஏழால் பெருக்கினால் 1,316. எட்டால் பெருக்கினால் எல்லையைத் தாண்டிவிடும். ஆகையால் ஏழு ஏழு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. இன்றளவும் தொலைக்காட்சியைக் கம்பியில் அனுப்புவோர் பெரும்பாலும் இந்தக் கணக்கையே கைக்கொள்கின்றனர். டோக்கன் ரிங்கின் வேகமோ விநாடிக்கு நான்கு மெகாபிட். மேம்பட்ட வகையில் பதினாறு. மூன்று அலைவரிசைகளை ஏற்றினாலே வளையம் நிரம்பி, மற்றவர்கள் வாய் திறக்க முடியாமல் போய்விடும். பழைய வலையமைப்பை மாற்ற வேண்டும் என்று வாதாட இதைவிடப் பலமான சாட்சியம் தேவையில்லை.

அறைக்கு அறை தனித்தனியாகப் பிரதி எடுத்து அனுப்பினால் எந்தக் கம்பியும் தாங்காது என்பதும் வெளிப்படை. இதற்கான பரிகாரம் மல்டிகாஸ்ட் என்ற பெயரில், ஸ்டீவ் டீரிங் என்பவர் 1989-இல் எழுதிய வரையறையின் மூலம் ஏற்கெனவே இணையத்தின் விதிகளுள் சேர்ந்திருந்தது. தலைமடையில் திறந்துவிட்ட ஒரே நீர் வாய்க்கால் வழியே ஓடிவர, வேண்டியவர் மட்டும் தம் வயலின் மடையைத் திறந்துகொள்வது போன்றது அந்த ஏற்பாடு. அனுப்புகிறவர் ஒரே பிரதியை அனுப்புவார். எந்த அறை கேட்கிறதோ அந்த அறைக்குச் செல்லும் கம்பியில் மட்டும் அது கிளை பிரியும். பத்துப் பேர் பார்த்தாலும் நூறு பேர் பார்த்தாலும் அனுப்புமிடத்தில் சுமை ஒன்றுதான்.

அனுப்புவதைவிடப் பெறுவதே கடினம். அறையில் இருந்தவை பெரும்பாலும் பென்டியம் வகை யந்திரங்கள். காட்சி, ஒலி ஆகியவற்றின் கணக்குகளுக்கென்று எம்.எம்.எக்ஸ். என்ற விசேஷக் கட்டளைகளைக் கொண்ட சில்லுகள் 1997 தொடக்கத்தில்தான் கடைக்கு வந்தன. சுருக்கிய படத்தை விரிப்பதற்குத் தனி அட்டை வாங்காமல், மென்பொருளைக் கொண்டே விரித்துக் காட்டுவது அக்காலத்தில் சாகசம் என்றே கருதத்தக்கது. இதற்குமேல் காலத்தின் பிரச்சினையும் உண்டு. வட்டில் உள்ள கோப்பு காத்திருக்கும். கணிப்பொறி திணறினால் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே படிக்கலாம். செயற்கைக்கோள் யாருக்காகவும் நிற்பதில்லை. அனுப்புமிடத்துக் கடிகாரத்தின் நடையைப் பொட்டலங்களிலிருந்தே ஊகித்து, தன் கடிகாரத்தை அதற்கு இசைவாகத் திருத்திக்கொண்டு, உதடும் சொல்லும் பிசகாமல் காட்டியாக வேண்டும். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதைத் திருப்பி அனுப்பும்படி கேட்பதற்கும் வழியில்லை. கேட்டுப் பெறுவதற்குள் காட்சி கடந்துவிடும். ஆகவே குறைபட்டதையும் சிதைந்ததையும் கண்டு மயங்கி விழாமல், தெரிந்தவரை காட்டிவிட்டு மேலே செல்லும் குணம் அந்த மென்பொருளுக்குப் பிறவியிலேயே அமைய வேண்டியதாயிற்று. பாதி மட்டும் இறங்கிய கோப்பையும், வால் அறுந்த கோப்பையும் வி.எல்.சி. திறந்து காட்டுகிறதே, மற்றவை மறுக்கின்றனவே என்று வியப்பவர்கள், அதன் காரணத்தை இந்த விடுதிக் கம்பிகளில்தான் தேட வேண்டும் என்பது என் துணிபு.

முதல் முயற்சி மிகவும் நொய்மையானதாக இருந்தது. நினைவகத்தைத் திருப்பித் தராமல் தின்றுகொண்டே போய், ஒரு நிமிஷம் ஆவதற்குள் கவிழ்ந்துவிடும் என்றும், காண வந்தவர்களுக்குக் காட்டிய காட்சி அதற்கும் குறுகியதாகையால் மானம் தப்பியது என்றும் கெம்ப் நகைச்சுவையோடு சொல்வதுண்டு. எவ்வாறாயினும் காரியம் கைகூடியது, வலையமைப்பும் புதுப்பிக்கப்பட்டது. அத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் 1998-இல் அடுத்து வந்த மாணாக்கர்கள் பழையதை ஒதுக்கிவிட்டு, ஷாத்னே-மலப்ரிக்கு மாத்திரமன்றி எவருக்கும் உபயோகப்படும்படியாக எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். வீடியோலான் என்று பெயரிடப்பட்ட அத்திட்டத்தில் அனுப்பும் மென்பொருள் ஒன்று, பெறும் மென்பொருள் ஒன்று என இரண்டு பகுதிகள் இருந்தன. பெறும் பகுதிக்கு வீடியோலான் கிளையன்ட் என்று பெயர், சுருக்கமாக வி.எல்.சி. கலாசாலையின் பெயரில் நடந்த வேலையாதலால் அதை ஊருக்குத் தானம் செய்யக் கலாசாலையின் சம்மதம் தேவைப்பட்டது. தலைவரை வற்புறுத்தி இணங்கவைக்க மாணாக்கர்கள் பட்ட பிரயாசை சிறிதன்று. கடைசியில் 2001 பிப்ரவரி முதல் தேதியன்று அவர் அனுமதி அளிக்க, மூல நிரல் முழுவதும் குனூ பொது உரிமத்தின் கீழ் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. பணம் தர மறுத்த நிர்வாகத்தை இந்தச் சரித்திரத்தில் குறை கூறுவது வழக்கம். இந்த ஒரு கையெழுத்துக்காக அக்குறையை மன்னித்துவிடலாம்.

கூம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாலையில் வேலை நடக்கும் இடங்களில் வைக்கும் போக்குவரத்துக் கூம்புகளை அந்தச் சங்கத்து மாணாக்கர்கள் இரவில் எடுத்து வந்து சேகரித்து வைத்திருந்தார்கள், அதுவே சின்னமாயிற்று. தத்துவார்த்தம் எதையும் அதில் தேட வேண்டியதில்லை.

பிறகு நடந்தது அதிசயமான ஒரு திருப்பம். டி.வி.டி. தட்டுகளின் பூட்டைத் திறக்கும் வித்தை 1999 இறுதியில் வெளிப்பட்டதும், வீடியோலான் குழுவினர் அதற்கெனத் தாங்களே ஒரு நூலகம் எழுதினர். லினக்ஸ், பிஓஎஸ் முதலிய இயங்குதளங்களில் தட்டைப் பார்க்க வழியின்றித் தவித்தவர்கள் வந்து மொய்த்தனர். காட்சியை விரிக்கும் கருவிகள் அனைத்தையும் தன் மூட்டையிலேயே சுமந்து வந்த இந்த மென்பொருளுக்கு, வெளியிலிருந்து கோடெக் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை என்பதே விண்டோஸ்காரர்களிடையே அதற்குப் பெரும் பிரசித்தி தேடித் தந்தது. அனுப்பும் மென்பொருளின் வேலையையும் நாளடைவில் பெறும் மென்பொருளே ஏற்றுக்கொண்டுவிட, முன்னது தனியாக வாழ வேண்டிய தேவை அற்றுப்போயிற்று.

வலையமைப்பில் தொலைக்காட்சி என்ற மூல எண்ணம் இதனால் மறைந்துவிடவில்லை. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டில் கிளாவுஸ் ஷ்மிடிங்கர் வெளியிட்ட வி.டி.ஆர்., அமெரிக்காவில் 2002-இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்-டிவி முதலியவை, வீட்டு மூலையில் ஒரு பெட்டி ஒளிபரப்பைப் பெற்றுப் பதிவு செய்து மற்ற அறைகளுக்கு வழங்கும் ஏற்பாட்டை விருத்தி செய்தன. பிரான்ஸிலேயே ஃபிரீ என்ற இணைய நிறுவனம் 2003-இல் தன் ஃபிரீபாக்ஸ் பெட்டியின் வழியே தொலைபேசிக் கம்பியில் தொலைக்காட்சி தரத் தொடங்கி, பின்பு வீட்டுக் கணிப்பொறிகளிலும் அதைப் பார்க்க வழி செய்தபோது, சந்தாதாரர்கள் உபயோகித்தது வி.எல்.சி.யைத்தான்.

2009 ஜூலையில் 1.0 என்ற எண் தாங்கிய பதிப்பு வெளிவந்தது. அக்காலத்திலேயே திட்டமும் கலாசாலையிலிருந்து பிரிந்து, லாப நோக்கமற்ற தனிச் சங்கமாயிற்று. விளம்பரம் சேர்த்தால் பெருந்தொகை தருவதாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாகக் கெம்ப் கூறியிருக்கிறார்; 2018-இல் அவருக்குப் பிரெஞ்சு அரசின் தேசிய மெரிட் விருதில் செவாலியே நிலை அளிக்கப்பட்டது. பதிவிறக்கங்கள் 600 கோடியைத் தாண்டியதாக 2025 தொடக்கத்தில் சங்கம் அறிவித்தது. நம் நாட்டிலோ 2022-இல் பல மாதங்கள் வீடியோலான் இணையதளம் முடக்கப்பட்டுக் கிடந்தது. தங்களுக்கு முன்னறிவிப்போ காரணமோ தரப்படவில்லை என்று சொல்லி அச்சங்கம் அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கிற்று. இலவசமாகவும் மூலத்தோடும் கிடைக்கும் ஒரு பொருளை அதன் சொந்த வாசலில் பெறவிடாமல் தடுத்தது, மக்களைக் கலப்படப் பிரதிகள் விற்கும் சந்துகளுக்கு அனுப்பிய காரியமேயன்றி வேறில்லை.

கலாசாலை 2015-இல் ஸுப்பெலெக் என்ற மற்றொரு கல்வி ஸ்தாபனத்தோடு இணைந்து, 2017-இல் ஸக்லே பீடபூமிக்குப் போய்விட்டது. ஷாத்னே-மலப்ரியின் பழைய வளாகம் இருந்த நிலத்தில் இப்போது லாவாலே என்ற புதிய குடியிருப்பு எழுந்திருக்கிறது. அங்கே போய்ப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இரண்டு கணிப்பொறிகளும் ஒரு ரவுட்டரும் உடைய வாசகர்கள், வி.எல்.சி.யின் மீடியா பட்டியலில் உள்ள ஸ்ட்ரீம் என்ற கட்டளையை ஒன்றிலும், ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்பதை மற்றொன்றிலும் கொடுத்து, அந்த மாணாக்கர்கள் செய்ததைச் சிறு அளவில் தாமே செய்து பார்க்கலாம். வைஃபையில் மல்டிகாஸ்ட் தடுமாறும். கம்பி வழியே முயல்வது நலம்.