பெயர்கள் பல, கப்பல் ஒன்று

கப்பலின் பெயரை மாற்றலாம்; அதன் வரலாற்றை மாற்ற முடியுமா?

1948இல் கன்னிப் பயணம் புறப்பட்ட சுவீடனின் 'ஸ்டொக்ஹோம்', 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நன்டக்கெட் தீவுக்கப்பால் இத்தாலியக் கப்பலான 'அன்ட்ரியா டோரியா'வில் மோதியது. மறுநாள் டோரியா மூழ்கியது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் மாண்டனர்.

1960இல் கிழக்கு ஜேர்மனி அதனை வாங்கி, 'மக்களின் நட்புறவு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது. அந்த 'நட்புறவி'லிருந்து கடலில் குதித்துத் தப்பியோரும் உண்டு.

1989இல் அது புனரமைப்புக்கென வந்து சேர்ந்தது ஜெனோவாவுக்கு. டோரியாவின் தாய்த் துறைமுகத்துக்கு. 'மரணக் கப்பல்' என்றனர் இத்தாலியர். மேற்கட்டுமானம் அகற்றப்பட்டது, பழைய உடலின் மீது புதிய உல்லாசக் கப்பல் எழுந்தது. எந்நாட்டுக் கப்பலை மூழ்கடித்ததோ, அந்நாட்டின் பெயரையே தாங்கி 1994இல் 'இத்தாலியா பிரிமா' ஆனது. அதன் இறுதிப் பெயர் 'அஸ்டோரியா'.

2025இல் உடைப்பதற்காக பெல்ஜியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோதும் செய்திகள் அதனை அடையாளங்காட்டியது, டோரியாவில் மோதிய கப்பல் என்றுதான்.