நெத்திலியும் மரவள்ளியும்: லூமுட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளின் தட்டு

இங்கிலாந்தில் வளர்ந்தவர்களிடம் சின்ன வயசைப் பற்றிப் பேச்செடுத்தால், செய்தித்தாளில் மடித்துக் கொடுத்த பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் எப்படியும் வந்துவிடும். 1860களில் லண்டனிலும் லங்காஷயரிலும் தொழிலாளர் தெருக்களில் வேர் பிடித்த பண்டம் அது. இரண்டாம் உலகப் போரில்கூட அரசாங்கம் அதைப் பங்கீட்டில் சேர்க்கவில்லை.

மலேசியாவின் பேராக் கரையோர ஊரான லூமுட்டையும் அதே ஆங்கிலேயர்கள்தான் ஆண்டார்கள். 1874 பங்கோர் ஒப்பந்தத்தின்படி லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் வட்டாரம் பேராக்கிலிருந்து பிரிக்கப்பட்டு நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்தது. 1935இல்தான் பேராக்குக்குத் திரும்பியது. அறுபது ஆண்டு நேரடி ஆட்சி. துரை பங்களாவில் என்ன பொரிந்ததோ, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பொரிந்தது நெத்திலி.

லூமுட்டுக்கு எதிரே இருக்கும் பங்கோர் தீவு நெத்திலிக்குப் பேர்போனது. பொடி மீன், சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பிடித்த சூட்டோடு உப்புநீரில் அவித்து, தட்டிகளில் பரப்பி வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்துவிட்டால் ஐஸும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். மின்சாரம் எட்டாத லயங்களுக்கு இதைவிடத் தோதான மீன் ஏது? சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில். அம்மா ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். அடுப்பு மூட்டிய கொஞ்ச நேரத்தில் ஒரு கைப்பிடி நெத்திலியும் மிளகாயும் சோற்றுக்குத் துணையாகிவிடும். கையில் காசில்லாத வாரத்தில் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

உருளைக்கிழங்கின் இடத்தில் மரவள்ளி. அதன் கதை அவ்வளவு இனிப்பானதல்ல.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிப்போனது. ரப்பர் வாங்க ஆளில்லாததால் கூலியும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் மரவள்ளியே பல வீடுகளில் சோறு. தோட்டத் தமிழர்களில் பல்லாயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; ஏராளமானோர் திரும்பவே இல்லை. அந்தக் காலத்தைக் கண்ட பாட்டிகள் கிழங்கைப் பார்த்தாலே முகம் சுளித்ததில் வியப்பில்லை. பேரப்பிள்ளைகளுக்கோ அதே கிழங்கு மெல்லிசாகச் சீவி, எண்ணெயில் பொரித்து, மிளகாய்த்தூள் தூவிய மாலைத் தீனி. பாட்டிகளின் பஞ்சம் பேரப்பிள்ளைகளின் பண்டமாகிவிட்டது. 'அந்தக் காலத்துச் சாப்பாடு' என்று உருகுகிறவர்கள் இந்த முன்கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்துபோல் காகிதத்தில் மடித்துத் தருகிற வழக்கத்துக்கும் பேராக்கில் ஒரு தமிழ் வடிவம் உண்டு. ஈப்போ புந்தோங்கில் 'கம்போங் கச்சாங் பூத்தே' என்றே பெயர் வாங்கிய தெருக்களில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலை வறுத்தன, முறுக்குச் சுட்டன. பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையை அள்ளிப் போட்டுச் சினிமாக் கொட்டகை வாசலில் விற்றார்கள்.

தோட்டப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போக வருஷத்துக்கு ஒரு நாள் நிச்சயம்: மாசி மகம். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் லூமுட் துறையில் படகேறுவார்கள். அன்று விரதம், மீன் கூடாது. ஆனால் திரும்பும்போது துறைமுகக் கடைகளைத் தாண்டாமல் வீடு போக முடியாதே.

பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் சித்தியவானுக்கும் ஸ்ரீ மஞ்சோங்குக்கும் குடிபெயர்ந்தார்கள். கடற்படைத் தளத்தால் லூமுட்டும் வளர்ந்தது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் இப்போது இங்கேயே தட்டில் கிடைக்கின்றன. துறைமுகக் கடைகளில் நெத்திலியையும் தரம் பிரித்து விற்கிறார்கள். தலை கிள்ளி, குடல் நீக்கிய ரகத்துக்குத்தான் விலை கூடுதல்.