சின்னத்தில் இருக்கும் கோபுரம் எது?



உங்கள் மதிப்பெண் சான்றிதழில் தமிழ்நாடு அரசுச் சின்னம் இருக்கும், பாருங்கள். "அது நம்ம மலைக்கோயில் கோபுரமா சார்?" என்று வருடா வருடம் யாராவது கேட்பீர்கள். "இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில்" என்பேன். இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் 1949-இல் சென்னை மாகாணத்துக்காக இதை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை வைத்தே வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வரைந்தவர் சொல்லைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கின் சின்னத்தில் மூன்று கோபுரங்கள் கொண்ட கோட்டை வாயில். கோட்டைக்குள்ளிருந்த நகரம், அதனால் மதில். நமக்கோ ஊரின் அடையாளமே கோயில் வாசல்தான். வழி கேட்டாலும் கோபுரத்தைத்தானே காட்டுகிறோம்! அதன் முன்னே அசோகரின் சிங்கங்கள், இருபுறமும் தேசியக் கொடி. 'வாய்மையே வெல்லும்' என்ற தமிழ் வாசகம் பிறகு அண்ணா ஆட்சியில் வந்தது.

ஒரு தேர்வில் 'மதுரை' என்று எழுதிய பையனுக்கு நான் தவறு போட்டேன். எந்த வருடம் என்று நினைவில்லை. அவன் இதைப் படித்தால் கீழே ஒரு வார்த்தை எழுதப்பா. அந்த ஒரு மதிப்பெண் உனக்குச் சேர வேண்டியது.